ஊற்றுக்கண்ணுக்கு மேலே தேக்காதீர்கள்: நான்கு பேர் இருக்கும் மலையூரில் ஒரு தண்ணீர் வேலை

ஓர் ஊற்று எவ்வளவு தருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால், மிச்சமெல்லாம் வகுத்தல் கணக்குதான். நான் போன அன்றைக்கு வாளியை வைக்க இடமில்லை. ஊற்று என்று கை காட்டிய இடத்தில் பன்னிரண்டு தப்படி அகலத்துக்குச் சேறு. இடுப்பளவு பெரணி, கோரை, நடுநடுவே காட்டுப்பன்றி புரண்ட குழிகள். எங்கே மிதித்தாலும் தண்ணீர் பொங்கியது, எங்கேயும் ஓடவில்லை.

வண்டிப்பாதை முடிகிற இடத்திலிருந்து அந்த ஊருக்கு இரண்டு மணி நேர ஏற்றம். 41 வீடுகள். அடுப்பெரிவது 3 வீட்டில், ஆள் 4 பேர், எல்லாருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. ஊர் நடுவில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் மேலேயிருந்து கல் வாய்க்காலிலும், அப்புறம் இரும்புக் குழாயிலும் தண்ணீர் வந்து விழுந்த தொட்டி. இப்போது அதில் சருகும் ஒரு ஓணானும். நான்கு பேரும் ஊருக்குக் கீழே ஓடையில் இறங்கித்தான் தண்ணீர் எடுத்தார்கள். அங்கிருந்து குடத்தோடு ஏற எனக்கே நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பாட்டி ஒருவர் அதை நாளுக்கு இரண்டு முறை செய்துகொண்டிருந்தார்.

எந்த வருடம் தண்ணீர் நின்றது என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நின்ற நாள் என்று ஒன்று இருந்தால்தானே. முன்பெல்லாம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு மேலே போய் வேர் அறுத்து, வண்டல் எடுத்து, வாய்க்காலில் சரிந்த கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வருவார்களாம். நாற்பது பேர் ஒரே நாளில் முடித்த வேலை, இருபது பேருக்கு இரண்டு நாளாயிற்று, ஐந்து பேருக்கு ஒரு வாரமாயிற்று. அப்புறம் ஒரு வருடம் யாரும் போகவில்லை. அதற்கு அடுத்த வருடமும் போகவில்லை.

கண்ணைத் தேடியது

சேறு எங்கே அதிகமோ அங்கே தோண்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் தோண்டினேன். குழி நிறைந்தது, கலங்கியது, ஓரம் சரிந்து மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் பாட்டி மேலே ஏறி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பெரணி நிக்கிற எடத்துல தோண்டாத தம்பி. அது தண்ணி போற எடம், வர்ற எடம் இல்ல. மேல போ. பாறை மடிப்பு ஒண்ணு இருக்கும், அதுக்கு அடியில கையை வச்சுப் பாரு.”

“எவ்வளவு தூரம் பாட்டி மேலே?”

“நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அங்க உக்காந்து காலைத் தொங்கவிட்டா தொட்டியில படும். அம்புட்டுதான் தெரியும்.”

அவர் சொன்னதில் ஊற்றின் இயல்பு முழுக்க இருந்தது. மலைச்சரிவில் பெய்கிற மழை மேலே இருக்கும் இளகிய மண்ணுக்குள் இறங்கும். ஓர் ஆழத்தில் களிமண்ணோ வெடிப்பில்லாத பாறையோ தடுக்கும். அதற்கு மேல் இறங்க முடியாமல், தண்ணீர் அந்தத் தளத்தின் மேலேயே சரிந்து வரும். சரிவு அந்தத் தளத்தை வெட்டுகிற இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். அதுதான் கண். கீழே தெரியும் சேறு, கண்ணிலிருந்து வந்த தண்ணீர் வழி தெரியாமல் பரவிய இடம் மட்டுமே.

ஆகவே கீழேயிருந்து மேலே போனேன். சேற்றின் கீழ் விளிம்பில் ஓரடி அகலத்துக்கு ஒரு கால்வாய் எடுத்து, தண்ணீர் வருகிற பக்கத்தையே பின்தொடர்ந்து, ஒவ்வொரு அடியாக மேலே நகர்த்தினேன். கால்வாய் வடித்துக்கொண்டே போவதால் சேறு தானாகவே இறுகியது. இந்த வேலையில் நான் கடைசி வரை காத்த விதி ஒன்று உண்டு. கால்வாயின் அடியில் வழவழப்பான சாம்பல் நிறக் களிமண் தெரிந்ததும் மண்வெட்டியை நிறுத்திவிட வேண்டும். அந்தக் களிமண்தான் தண்ணீரைத் தாங்கிக் கொண்டுவரும் பாய். ஆசைப்பட்டு அதைக் குத்தி உடைத்தால் தண்ணீர் அதன் வழியாகக் கீழே போய்விடும், திரும்பக் கொண்டுவர முடியாது.

நான்காம் நாள் கால்வாயில் கண்ணுக்குத் தெரியும்படி ஓட்டம் வந்தது. ஒரு தகரத்தை மடித்து வாய் போல் செருகி வாளியை வைத்தேன். 200 விநாடி. நிமிடத்துக்கு 3 லிட்டர்.

ஆறாம் நாள் பாறை மடிப்பு கிடைத்தது. மேலே இரண்டடி மண் சரிந்து மூடியிருந்தது. அடியில் கையை விட்டால் விரல் நுனியில் முடிக்கற்றை போல ஒன்று சிக்கியது. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் தானாக முளைத்த மரத்தின் வேர். தண்ணீருக்குள் போன வேர் மண்ணுக்குள் இருப்பதுபோல் தடித்து வளராது. சல்லிசல்லியாகப் பிரிந்து, நூல் நூலாகி, கடைசியில் ஈரமான கம்பளி போல வெடிப்பு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு வெடிப்பிலிருந்து இரண்டு கூடை எடுத்தேன். கத்தியால் வெட்டாமல் கையாலேயே வருடி வருடி எடுத்தேன், உள்ளே கல் ஆடிவிடக் கூடாது என்பதால். கடைசிக் கற்றை வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குளிர்ந்த காற்று போல ஏதோ விரலில் பட்டது. அதைத் தொடர்ந்து கலங்கல், அதற்குப் பின்னால் தெளிந்த தண்ணீர். அன்று மாலை அளந்தபோது 75 விநாடி. நிமிடத்துக்கு 8 லிட்டர்.

மரத்தை என்ன செய்வது என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். வெட்டினால் நிழல் போகும், நிழல் போனால் பாறை காயும். வெட்டாவிட்டால் மூன்று வருடத்தில் வேர் திரும்பவும் உள்ளே வரும். கண்ணிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இரண்டு இளம் மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, பெரிய மரத்துக்கும் கண்ணுக்கும் நடுவே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்துத் தட்டைக் கற்களை நிறுத்தி வைத்தேன். வருடம் ஒருமுறை அந்தப் பள்ளத்தின் ஓரமாக வேரை அறுத்துவிட்டால் போதும். ஒரு ஆள் அரை நாளில் முடிக்கிற வேலை. நான்கு பேர் இருக்கும் ஊரில் எதைச் செய்தாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பின்னால் இதைப் பராமரிக்க எத்தனை கை வேண்டும்?

நான் செய்த பெரிய தவறு

கண் கிடைத்ததும் தொட்டி கட்டினேன். பாறையை ஒட்டி மூன்று பக்கம் கல் சுவர், உள்ளளவு 80 சென்டிமீட்டர். முதுகில் தூக்கி வந்த சிமெண்ட் கொஞ்சம்தான் என்பதால் இணைப்புகளுக்கு மட்டும் கலவை. வண்டல் அடியில் தங்கட்டும், தெளிந்த தண்ணீர் மட்டும் குழாய்க்குப் போகட்டும் என்று, குழாய் வாயைக் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன். அதற்கும் மேலே, மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக வழிவாய். பார்க்க அழகாக இருந்தது. தண்ணீர் கண்ணை மூடி ஏறி, பளிங்கு போல நின்றது.

மூன்றாம் நாள் அளந்தேன். 150 விநாடி. சரிபாதி காணாமல் போயிருந்தது.

சுவரில் கசிவு என்று நினைத்து வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. மறுநாள் காலை கீழே இறங்கும்போது, தொட்டியிலிருந்து பத்தடி பக்கவாட்டில், முன்பு வெறும் புல்லாக இருந்த இடத்தில் கால் சொதசொதவென்று அழுந்தியது. புதிதாக ஒரு கசிவு. சந்தேகம் தீர்க்க, தொட்டியின் அடி அடைப்பானை எடுத்துத் தண்ணீரை முழுக்க வடியவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் புதுக் கசிவு நின்றுவிட்டது.

ஊற்றுத் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு வருவதில்லை. மண்ணுக்குள் சில விரற்கடை உயர வித்தியாசத்தில் நகர்ந்து வருகிறது. கண்ணுக்கு மேல் 30 சென்டிமீட்டர் தேக்கினால் அந்த 30 சென்டிமீட்டரும் அதன் மார்பில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி. அது சண்டை போடாது, பக்கத்தில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். சில நாளில் புது வழி அகன்றுவிட்டால், பிறகு தொட்டியை இடித்தாலும் பழைய கண்ணுக்குத் திரும்பாமல் போகலாம். பழைய ஆட்கள் கட்டிய சின்னத் தொட்டியின் மிச்சம் ஒன்று கீழே மண்ணில் புதைந்து கிடந்தது. அதன் வழிவாய் கண்ணைவிடத் தாழ்வு. பாட்டி காலைத் தொங்கவிட்டால் தொட்டியில் படும் என்றதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு *கீழே* தொட்டி இருந்திருக்கிறது.

ஒரு வாரத்து வேலையை ஒரே நாளில் இடித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் கல்லெல்லாம் திரும்பவும் பயன்பட்டது. இரண்டாம் முறை இப்படி:

கண்ணுக்கு முன்னால் தேக்கமே இல்லை. அங்கே கழுவிய கூழாங்கல்லை மட்டும் நிரப்பினேன், கண்ணை ஒட்டிப் பெரியது, வெளியே வர வர சிறியது. அதற்குக் கீழே, சரிவில் ஒன்றரை மீட்டர் தள்ளி, தொட்டி. தொட்டியின் வழிவாய் கண்ணைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வு. குழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் கண் வரை ஏறவே முடியாது. கூழாங்கல் வாய்க்காலின் இரு பக்கத்திலும் பழைய ஆட்கள் செய்தபடியே களிமண்ணை மிதித்துப் பிசைந்து அணைத்தேன். சிமெண்ட் வெடிக்கும், மிதித்த களிமண் ஈரம் இருக்கும் வரை வெடிக்காது. மேலே தட்டைக்கல் மூடி, அதன் மேல் மண். தொட்டிக்கு வெளிச்சம் படவில்லையென்றால் பாசி வராது. மழைத் தண்ணீர் மேலேயிருந்து ஓடி வந்து கலக்காமலிருக்க, கண்ணுக்கு மேலே பத்து மீட்டர் தள்ளி பிறை வடிவில் ஒரு வடிகால்.

அளவு: 80 விநாடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,800 லிட்டர். நான்கு பேருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் தாராளம். அதனால் குழாய்க்குத் தேவையானது போக மிச்சத்தை வழிவாய் வழியாகப் பழைய சேற்றுக்கே திருப்பிவிட்டேன். அங்கே தவளை முட்டைக் கொத்துகள் இருந்தன, தட்டான் குஞ்சுகள் இருந்தன. கால்வாய் எடுத்தபோது இரண்டு நண்டுகளைக் கையில் தூக்கிப் போய் அங்கேதான் விட்டிருந்தேன். பன்றிக்கும் புரள ஓரிடம் வேண்டும். அதன் குழியை நான் காயவிட்டால் ஈரம் தேடி நேரே என் கூழாங்கல் வாய்க்காலுக்கு வந்து முகத்தால் கிண்டும்.

620 மீட்டர் குழாய்

பழைய இரும்புக் குழாய் துரு தின்று சல்லடையாகிவிட்டது. புதிதாகக் கறுப்பு எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய், 32 மில்லிமீட்டர். 100 மீட்டர் சுருள் ஏறக்குறைய 20 கிலோ வரும். தோளில் மாட்டினால் எடை பெரிதாகத் தெரியாது, ஆனால் வளைவு பாதையோர மரத்திலெல்லாம் சிக்கும். ஆடு மேய்க்கும் பெரியவர் தன் கழுதையை அனுப்பினார். ஏழு சுருளும் இரண்டு நாளில் மேலே வந்தன.

ஊற்றிலிருந்து ஊர்த் தொட்டி 54 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. தண்ணீர் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் சேர்க்கும். கீழே யாராவது வால்வை மூடினால் குழாயின் கடைசிப் பகுதியில் 5.4 கிலோ நிற்கும். சட்டென்று மூடினால் அந்த அதிர்ச்சி இன்னும் கூடும். நான் வாங்கியது 6 கிலோ தாங்கும் வகை. அதனால் பாதி வழியில் திறந்த மூடியோடு ஒரு சின்னத் தொட்டி வைத்து, அழுத்தத்தை அங்கே பூஜ்யமாக்கிவிட்டேன். குழாயைக் கனமாக வாங்குவதைவிட இது மலிவு, வண்டல் பார்க்கவும் ஓர் இடம் கிடைத்தது.

குழாயை நேராக இழுத்துப் போடக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 100 மீட்டரில் 40 சென்டிமீட்டர் வரை. மதியம் விறைப்பாக இழுத்து இணைத்தால் விடியற்காலையில், குழாய்களைச் சேர்க்கும் கப்ளிங்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பாம்பு போவது போல நெளிவு விட்டுப் பதித்தேன். முடிந்த இடத்திலெல்லாம் முழங்கால் ஆழம் மூடினேன், முள்ளம்பன்றியும் எலியும் வெளியே கிடக்கும் குழாயைக் கடிக்கும்.

திறந்த அன்று நான்கு பேரும் கல்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேலே வால்வைத் திறந்துவிட்டு ஓடி வந்தேன். குழாய் வாயில் காற்று சீறியது. கொஞ்ச நேரத்தில் சீறலும் நின்றது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டு வரவில்லை.

மேலே போய்ப் பார்த்தால் ஊற்றுத் தொட்டி வழிவாயில் வழிந்துகொண்டிருந்தது. குழாய் தண்ணீரை வாங்கவே இல்லை. காரணம் 70வது மீட்டரில் இருந்தது. அங்கே குழாய் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஒரு பாறை முதுகில் ஏறி, பிறகுதான் கீழே போகிறது. கண்ணுக்கு அந்த ஏற்றம் தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாறை முதுகு ஊற்றைவிட ஒன்றரை மீட்டர்தான் தாழ்வு. பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது, முதுகில் காற்று மாட்டிக்கொண்டது. வேகமான ஓட்டமாக இருந்தால் காற்றைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் அந்தக் குழாயில் மிக மெதுவாகத்தான் போகும். இறக்கம் அதிகமான கீழ்ப்பகுதியில் இப்படி ஒரு மேடு இருந்தால் தண்ணீரின் எடையே தள்ளிவிடும். ஊற்றுக்குப் பக்கத்தில் தள்ள எடை இல்லை.

முதுகின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கு மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றி மரத்தோடு கட்டினேன். நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலைத் துணி. ஊற்றைவிட அரை மீட்டர் உயரமாக இருப்பதால் அதில் தண்ணீர் வெளியே வராது, காற்று மட்டும் வரும். கட்டி முடித்து வால்வைத் திறந்தபோது அந்த நுனியில் காதை வைத்துக் கேட்டேன். பெரிய மூச்சு ஒன்று நீளமாக வந்தது. அப்புறம் விட்டுவிட்டுக் குமிழிச் சத்தம். அப்புறம் அமைதி. குழாயின் மேல் கை வைத்தால் குளிர்ச்சி நகர்ந்துகொண்டிருந்தது.

இருபத்தைந்து நிமிடத்தில் ஊரிலிருந்து சத்தம் கேட்டது.

தொட்டியைச் சுத்தம் செய்தது

கல்தொட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். நிறைந்தால் 1,000 லிட்டர். தேய்த்துக் கழுவி, நிரப்பி, 170 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டு ஓர் இரவு மூடி வைத்தோம். நல்ல பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும் என்பதால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கு இது. தொட்டியைக் கிருமி நீக்க மட்டும்தான் இந்த அளவு, குடிக்க அல்ல. அதை வடித்துக் கொட்டியபோது சேற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். நண்டும் தவளையும் தாங்காது. தெளிவாக இருப்பதால் மட்டும் ஊற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. பரிசோதனை முடிவு நன்றாக வந்த பிறகும் கொதிக்க வைத்தே குடிக்கிறார்கள்.

ஊற்றுக்கு மேலே இருந்த வயல்கள்

இத்தோடு வேலை முடிந்தது என்று இறங்கியிருப்பேன். ஒரு மழை நாளில் ஊற்றுக்கு மேலே ஏறிப் பார்த்ததால் இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

மேலே பழைய அடுக்கு வயல்கள் ஏழு. மண்ணோ சிமெண்டோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள். மூன்றில் நடுவே வாய் பிளந்திருந்தது. உழுத நாளில் சமதளமாக நின்று மழையை உள்ளே குடித்த வயல், இப்போது பிளந்த வாய் வழியாக மண்ணோடு தண்ணீரைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்க வேண்டிய மழை மேலேயே ஓடிவிட்டால் ஊற்றுக்கு எங்கிருந்து வரும்? ஊர்க்காரர்கள் வயலைக் கட்டியது விளைச்சலுக்காக. ஆனால் அவர்கள் அறிந்தோ அறியாமலோ தங்கள் ஊற்றுக்கு மேலே ஏழு தொட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கதவு மூடியதும் முதலில் பாழானது வயல், வயலோடு சுவர், சுவரோடு ஊற்று.

இது அந்த ஒரு ஊரின் கதை இல்லை. இமயமலைப் பகுதியில் வற்றாத ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டன அல்லது பருவத்துக்கு மட்டும் ஓடுகின்றன என்று 2018இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அதே வருடம் உத்தராகண்ட் இடப்பெயர்வு ஆணையம், 2011க்குப் பிறகு அங்கே 734 கிராமங்கள் ஆளில்லாமல் போனதாகக் கணக்குக் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். சிக்கிமில் 2008இல் தாரா விகாஸ் திட்டத்தைத் தொடங்கியவர்கள் ஊற்றைத் தோண்டி ஆழப்படுத்தவில்லை. அதற்குத் தண்ணீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கே மழையை நிறுத்தி இறக்கப் பள்ளங்கள் எடுத்தார்கள். நான் எடுக்க வேண்டிய பள்ளங்கள் எனக்கு முன்னால் வயலாகவே இருந்தன, சுவரை மட்டும் தைக்க வேண்டும்.

கல் அடுக்குவதை ஆடு மேய்க்கும் பெரியவர் கற்றுக்கொடுத்தார். அடியில் கெட்டி மண் வரும் வரை தோண்டி, இருப்பதில் பெரிய கல்லை அங்கே போட வேண்டும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுவர் ஒரு சாண் உள்ளே சாய வேண்டும். ஒரு கல் இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், இரண்டு கல் ஒரு கல்லின் மேல். நாலைந்து கல்லுக்கு ஒன்று நீளவாக்கில் உள்ளே மண் வரை போக வேண்டும், அதுதான் சுவரைப் பிடித்து நிறுத்தும். முகத்துக்குப் பின்னால் சிறு கல்லைக் கொட்டக் கூடாது, கையால் செருக வேண்டும். “கல்ல எடுத்துட்டா திரும்பக் கீழ வைக்காத தம்பி, அதுக்கு எடம் கண்டுபிடி” என்றார். நான் ஒரு கல்லை நாலு பக்கம் திருப்பிப் பார்ப்பேன். அவர் தூரத்தில் நின்றே எந்தப் பக்கம் அடியில் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார். கல் தூக்குகிற உடல் இப்போது அவருக்கு இல்லை, கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

2018இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் எட்டு நாடுகளின் வெறுங்கல் சுவர்க் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த எட்டில் ஒன்றான இத்தாலியில், 2011 அக்டோபர் 25 பெருமழையில் வெர்னாட்சா ஊருக்கு மேலே சரிந்த சரிவுகளை ஆராய்ந்தவர்கள், கைவிட்டு அதிக வருடம் ஆகாத அடுக்கு வயல்களே மிக எளிதாகச் சரிந்தன என்று கண்டார்கள். காடு முழுதாக வந்து வேர் பிடிக்கவும் இல்லை, சுவரைப் பார்க்க ஆளும் இல்லை. நான் பிளந்த வாய்களைப் பார்த்தபோது இந்த இடைக்காலம்தான் நினைவுக்கு வந்தது. முழுக் காடாகிவிட்ட இடத்தை நான் தொடவில்லை, மேலே கடைசி இரண்டு வயலில் மரங்களே சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றை மட்டும் கட்டினோம். இரண்டு முடிந்தது, மூன்றாவது பாதியில் நிற்கிறது.

மறு வருடம் அதே மாதம் அளந்தேன். 62 விநாடி. அந்த வருட மழைக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் சுவரின் பங்கைப் பிரிக்க இன்னும் சில வருடம் அதே மாதத்தில் வாளி வைக்க வேண்டும். நோட்டைப் பாட்டி வீட்டு உத்திரத்தில் செருகி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பெரியவர் வாளி வைத்துக் கோடு போடுகிறார்.

தொட்டியடிச் சேறு

ஆள் போன ஊரில் மரம் வரும், பன்றி வரும், மான் வரும். போய்விடுபவையும் உண்டு. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் செயின்ட் கில்டா தீவிலிருந்து 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தீவின் வீடுகளில் மட்டும் வாழ்ந்த வீட்டெலி வகை ஒன்று, சில வருடத்துக்குள் பூண்டோடு அழிந்தது. வயலெலி இன்றும் இருக்கிறது. மனிதரோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட உயிர், மனிதர் போனால் தானும் போகிறது.

இந்த ஊரில் அது தகைவிலான். மூடிய வீடுகளின் இறவாரத்துக்கு அடியில் மண் கிண்ணங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன, எல்லாம் காலி. ஆடுமாடு குறைந்ததும் ஈ குறைந்தது. தொட்டி வற்றியதும் ஊருக்குள் ஈர மண்ணே இல்லாமல் போயிற்று. தகைவிலான் கூடு கட்டுவது வாயில் உருட்டிய சேற்று உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டித்தான்.

தொட்டியைச் சுற்றிக் கால் வழுக்காமல் இருக்கத் தட்டைக்கல் பாவ வேண்டும் என்று கல்லெல்லாம் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்தேன். மூன்று பக்கம் பாவி முடித்த அன்று காலை, வழிந்த தண்ணீர் தேங்கிய நாலாவது பக்கத்தில் இரண்டு தகைவிலான் இறங்கின. இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நனையாமல், சேற்றை ஒரு கொத்துக் கொத்தின. எழும்பிப் போய்ப் பாட்டி வீட்டு இறவாரத்தில் நுழைந்து, நான் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தன.

“அந்தப் பக்கம் கல்லு போடாத தம்பி” என்றார் பாட்டி திண்ணையிலிருந்து.

மிச்சக் கற்களை மூன்றாவது சுவருக்கு எடுத்துப் போனேன்.